டிரவுட்டுக்கு நிம்ஃப் கட்டுவது: தாப்பாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற தாப்பாவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிம்ஃப், அதாவது தூண்டில் முள்ளில் நீர்ப்பூச்சி போலக் கட்டும் பொய் இரை, கட்டுகிற சிறு கூட்டம் எங்களுடையது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள், லாரி ஓட்டுபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வேலைக்காக நியூசிலாந்து போகப்போகிற இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். புதிதாக வருகிற எல்லாரும் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

தாப்பாவில் டிரவுட் ஏது அண்ணே? பிறகு எதற்கு இதைக் கட்டுகிறீர்கள்?

பத்தாங் பாடாங் ஆற்றில் டிரவுட் இல்லை. அது குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். நம் சமவெளி ஆறுகள் அதற்கு ரொம்பச் சூடு. டிரவுட் பிடிக்க நியூசிலாந்துக்குப் போகலாம். நீலகிரி, மூணாறு, இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஆகியவையும் இருக்கின்றன. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இலேயே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது கையால் கட்டிய ஒரு பெட்டி நிம்ஃப் கொண்டுபோகிறார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, இதே நிம்ஃபை மேலே மலையோடையில் விட்டால் நம் ஆற்று மீன்களான தெங்காஸ் எடுக்கும், சின்ன செபாராவும் எடுக்கும். கல்லடியில் இருக்கும் பூச்சியைத் தின்கிற மீன் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் பழக்கம் பெரிதாக மாறுவதில்லை.

நிம்ஃப் என்றால் என்ன?

மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்ற பூச்சிகள் இறக்கை முளைப்பதற்கு முன் தண்ணீருக்கடியில் வாழும் பருவம்தான் நிம்ஃப். ஆற்றுக்குள் கை விட்டு ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தட்டையாக, வாலில் இரண்டு மூன்று மயிரிழைகளோடு பழுப்பு நிறத்தில் ஒன்று கல்லோடு ஒட்டி நகரும். அதுதான் டிரவுட்டின் அன்றாடச் சாப்பாடு. நீர்மட்டத்தில் பறக்கும் பூச்சியை மீன் எகிறிப் பிடிப்பது கண்ணுக்கு அழகு. ஆனால் அது வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் அடியில்தான். கேடிஸ் பூச்சியின் புழுவைப் போலக் கட்டுவதையும் பேச்சில் நிம்ஃப் என்றே சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவு எளிமையாகக் கட்டினால் மீன் நம்புமா?

நம்பும். ஃபிராங்க் சாயர் என்பவர் இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்தவர் (1906–1980). அவர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் இருப்பது இரண்டே பொருள்: மெல்லிய செம்புக் கம்பி, ஃபெசன்ட் பறவையின் வால் இறகு. நூல்கூடக் கிடையாது, கம்பிதான் நூல். கால்களும் வைக்கவில்லை. நீந்தும் நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும் என்பதை ஆற்றோரம் உட்கார்ந்து பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். கம்பி எடையும் தந்தது, கட்டுக்கு உறுதியும் தந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் டிரவுட் பிடிக்கிறவர்களின் பெட்டியில் அது ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கிறது.

பொருள் கூடக் கூட உதிர்வதற்கான இடமும் கூடுகிறது. கடையில் விற்கும் சில நிம்ஃப்களில் கால், கண், முதுகு ஓடு, மினுமினுக்கும் இழை எல்லாம் இருக்கும். அவை வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்தவை என்பது என் கருத்து. மீனுக்குத் தெரிய வேண்டியது அளவு, உருவம், எந்த ஆழத்தில் எப்படி மிதந்து வருகிறது என்பதுதான்.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

முள்ளைப் பிடிக்கும் வைஸ் ஒன்று. காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். முள்ளை இறுக்கமாகப் பிடிக்காத வைஸில் நல்ல கட்டு வராது. நூல் சுற்றும் பாபின் பிடி, முனை கூரான சின்னக் கத்தரிக்கோல், ஒரு ஊசி, இவை போதும். கடைசியில் நூலை முடிக்கும் விப் ஃபினிஷ் முடிச்சை விரலாலேயே போடப் பழகிவிடலாம்.

நூலுக்கு 8/0 அல்லது 70 டெனியர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். தையல் கடைப் பாலியெஸ்டர் நூல் 10, 12ஆம் எண் முள்ளுக்குப் பரவாயில்லை. 16ஆம் எண் முள்ளில் அதைச் சுற்றினால் உடம்பு உருண்டு தடித்துப் போகும்.

முள் எந்த அளவு? மணி எந்த அளவு?

எண் கூடினால் முள் சின்னது. தொடங்குகிறவர் 12 அல்லது 14ஆம் எண்ணில் பழகட்டும், அப்புறம் 16, 18க்கு இறங்கலாம். தடித்த கம்பியில் செய்த நிம்ஃப் முள்ளாகப் பாருங்கள்.

மணி என்பது முள்ளின் காதுக்குப் பின்னால் நிற்கும் எடை. 12ஆம் எண் முள்ளுக்கு 3.5 மில்லிமீட்டர், 14க்கு 3, 16க்கு 2.5 என்று வைத்துக்கொண்டால் பொருந்தும். ஒரே அளவு மணியில் டங்ஸ்டன் பித்தளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருக்கும். வேகமான நீருக்கு டங்ஸ்டன், முழங்காலளவு ஆழமுள்ள மெதுவான நீருக்குப் பித்தளை. மணியின் ஒரு பக்க ஓட்டை சின்னதாக இருக்கும். அந்தப் பக்கம் காதைப் பார்த்து நிற்க வேண்டும்.

கழுத்து வளைந்த ஜிக் முள்ளும் கிடைக்கிறது. அதற்குப் பிளவு வெட்டிய மணி வேண்டும். அதில் முனை மேல்நோக்கி நீந்துவதால் கல்லில் மாட்டுவது குறையும். மாட்டி அறுந்துபோன ஃபிளை (முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சி எதையும் பொதுவாக இப்படிச் சொல்வோம்) எவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தாலும் நமக்கு இல்லை. அந்த வகையில் ஜிக் முள்ளையும் உழைக்கும் ஃபிளையின் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

என் நிம்ஃப் இரண்டு மீன் கடித்ததும் பிரிந்து போகிறது. ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பொருள் மோசமாக இருப்பதில்லை. கட்டிய வரிசையில் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கும்.

முதலில் மீனின் வாயைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரவுட்டுக்குத் தாடையிலும் மேலண்ணத்திலும் கூரான சின்னப் பற்கள் உண்டு. இறகின் இழையை அறுப்பவை அவைதான். நம் கெலா, தெங்காஸ் வகைக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் பல். ஆகவே இங்கே பல நாள் தாங்கும் ஃபிளை அங்கே ஒரு காலைப் பொழுதில் நார்நாராகப் போகலாம். அங்கே போவதற்கு அங்கே தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

ஃபெசன்ட் வால் இழை மென்மையானது. அதை நூல் சுற்றும் திசையிலேயே முன்னோக்கிச் சுற்றுகிறோம், அதாவது மேலே வரும்போது நம்மிடமிருந்து விலகிப் போகும் திசை. பலர் அதன் மேல் சுற்றும் செம்புக் கம்பியையும் அதே திசையில் சுற்றுகிறார்கள். அப்போது கம்பி இழைகளின் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும், எதையும் காக்காது. கம்பியை எதிர்த்திசையில், நம்மை நோக்கி வரும்படி சுற்றுங்கள். கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல ஒவ்வொரு இழையையும் குறுக்கே கடந்து அழுத்தும். ஓரிடத்தில் பல் பட்டு இழை அறுந்தாலும் அடுத்த கம்பிச் சுற்று அதைப் பிடித்து நிறுத்தும். மொத்தம் நான்கைந்து சுற்று போதும்.

அடுத்தது நூல் அடித்தளம். வழுக்கும் முள்ளின் மேல் நேரடியாக இறகைச் சுற்றினால் முழு உடம்பும் உருளும். மணியிலிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டு, அதன் மேல் ஊசி முனையால் ஒரு துளி சூப்பர் குளூ தடவி, ஈரம் இருக்கும்போதே இறகைச் சுற்றுங்கள். கட்டுகிற எல்லாரையும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இந்த ஒரு துளிக்காகத்தான். கம்பி அறுந்தாலும் இழை நூலோடு ஒட்டியே கிடக்கும்.

இன்னொன்று, கம்பியை வளைவின் பக்கம் மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை வெட்டாதீர்கள். முள்ளின் தண்டு முழுக்கப் படுக்கவைத்து, அதன் மேல் நூலைச் சுற்றிக்கொண்டு போங்கள். உடம்பும் மேடு பள்ளமில்லாமல் வரும், கம்பியும் உருவிக்கொண்டு வராது. நூலை எப்போதும் அறுந்துவிடுமோ என்கிற இறுக்கத்தில் வைத்திருங்கள். எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று வெறும் முள்ளில் வேண்டுமென்றே இழுத்து அறுத்துப் பாருங்கள், விரலுக்கு அந்த எல்லை பழகிவிடும்.

கடைசியாக, மீனை விடுவிக்கும் முறை. இடுக்கியால் ஃபிளையின் உடம்பை நசுக்கித் திருகினால் எந்தக் கட்டும் தாங்காது. முள்ளின் வளைவைப் பிடித்துத் திருப்புங்கள். கட்டுவதற்கு முன்பே எதிர்முள்ளை, அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளை, நசுக்கிவிட்டால் லேசாகத் திருப்பியதும் கழன்று வரும். மீனுக்கும் காயம் குறைவு.

சரி, ஒரு ஃபெசன்ட் டெயிலை முதலிலிருந்து முடிவுவரை கட்டிக் காட்டுங்கள்.

14ஆம் எண் முள். எதிர்முள்ளை நசுக்கி, மணியை முனை வழியாக ஏற்றிக் காது வரை தள்ளி, வைஸில் மாட்டுங்கள். மணிக்குப் பின்னால் நூலைத் தொடங்கி வளைவு வரை போங்கள்.

இறகிலிருந்து நான்கைந்து இழைகளை நுனி ஒன்றாக நிற்கும்படி சேர்த்துக் கிள்ளி எடுங்கள். நுனி வாலாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், உடம்பின் நீளத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். அதைக் கட்டிவிட்டு, மேலே சொன்னபடி கம்பியைத் தண்டு முழுக்கக் கட்டுங்கள். நூல் மணிக்குக் கொஞ்சம் பின்னால் வந்து நிற்கட்டும். இப்போது பசைத் துளி. இழைகளின் மிச்சத்தை லேசாக முறுக்கிச் சுற்றிக்கொண்டு முன்னால் வாருங்கள், நூலால் மூன்று இறுக்கமான சுற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியை எதிர்த்திசையில் கொண்டுவந்து அதையும் அதே மாதிரி பிடியுங்கள்.

மிச்சக் கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஒரு கூரான முனை நிற்கும். அது பின்னாளில் நூலையே அரிக்கும். கம்பியைப் பிடித்து வட்டமாக ஆட்டுங்கள், அடியோடு முறிந்து வந்துவிடும்.

மணிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். முயல் மயிரையோ பழுப்புக் கம்பளி இழையையோ பொடியாக்கி, நூலில் மெலிதாக உருட்டி, மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். இதைத்தான் டப்பிங் என்கிறோம். போதாது என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. முடிவில் ஐந்து சுற்று விப் ஃபினிஷ். முடிச்சு போடுவதற்கு முன் நூலின் மேலேயே கொஞ்சம் பசை தடவிக்கொண்டால், பசை முடிச்சுக்குள்ளே போய் அமரும், வெளியே வழியாது.

செம்புக் கம்பி எங்கே கிடைக்கும்?

மோட்டார் சுருள் சுற்றும் கடையில் கேளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் எனாமல் பூசிய கம்பியே நமக்கும் ஏற்றது, எனாமல் இருப்பதால் சீக்கிரம் கறுக்காது. 38ஆம் கேஜ், அதாவது 0.15 மில்லிமீட்டர் தடிமன், 14, 16ஆம் எண் முள்ளுக்குப் பொருத்தம். மேசையடியில் விழுந்து கிடக்கும் துண்டுகளே பல மாதக் கட்டுக்குப் போதும், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உரித்த கம்பி மட்டும் வேண்டாம். அதன் பூச்சு கருகி உதிரும்.

ஃபெசன்ட் இறகு இல்லையென்றால்?

வான்கோழி வால் இறகு அருமையான மாற்று. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வளர்ப்பவர்கள் நம் தோட்டப் பக்கம் உண்டு, சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். இழை ஃபெசன்ட்டைவிட நீளம், கட்டவும் சுலபம். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் சில நாள் வைத்துவிட்டால் பூச்சி, முட்டை எல்லாம் சாகும்.

காவடி மயிலிறகை எடுக்கலாமா?

தைப்பூசம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்டுவிடுவார்கள். வேண்டுதலுக்குத் தூக்கிய காவடியில் கை வைக்காதீர்கள். காவடி கட்டிக் கொடுப்பவரிடம் முறிந்த, கட்டுக்கு உதவாத இறகுகள் கிடக்கும். அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மயிலிறகு இழை தண்ணீரில் பச்சையும் செம்பும் கலந்து மின்னும். நிம்ஃபின் நெஞ்சுப் பகுதிக்கு அதைவிட அழகான பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பல் பட்டாலே அறுந்து, முழுதும் அவிழ்ந்துவிடும். இரண்டு மூன்று இழைகளை மெல்லிய கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, அந்தக் கயிற்றைச் சுற்றுங்கள். அப்போது தாங்கும்.

பால்மரத்து ஊரில் இருந்துகொண்டு ரப்பர் பயன்படுத்தாமல் இருப்பதா?

கேடிஸ் புழுவுக்கு ரப்பர் பட்டை சுற்றுவது பழைய வழக்கம்தான். லேடக்ஸ் கையுறையை 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, இழுத்துச் சுற்றிக்கொண்டு வந்தால் புழுவின் மடிப்பு மடிப்பான உடம்பு அப்படியே வந்துவிடும். பார்க்க உயிருள்ளது போலவே இருக்கும். ஆனால் இயற்கை ரப்பர் வெயிலில் வெடிக்கும், எண்ணெய் பட்டால் இளகும். இந்தப் பருவத்தில் கட்டியதை இந்தப் பருவத்திலேயே பயன்படுத்துவதாக இருந்தால் கட்டுங்கள். பல வருடம் பெட்டியில் கிடக்க வேண்டிய ஃபிளைக்கு ரப்பர் வேண்டாம் என்பேன்.

சேலைச் சரிகை?

வேண்டாம். ஒரு நாளில் பிரியும்.

சூப்பர் குளூ, நெயில் பாலிஷ், யூவி ரெசின்: எது நல்லது?

உள்ளே சூப்பர் குளூ, வெளியே நிறமில்லாத நெயில் பாலிஷ் என்பது என் வழக்கம். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது சட்டென்று பிடிக்கும், திறந்து வைத்த குப்பியும் சட்டென்று கல்லாகும். வேலை முடிந்ததும் மூடி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்தான் யூவி ரெசின். விலை அதிகம், ஆனால் உறுதியில் அதற்கு இணையில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த பெர்டிகோன் என்கிற நிம்ஃபில் நூல் உடம்பின் மேல் முழுக்க ரெசின் பூசியிருப்பார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பு, வேகமாக மூழ்கும், பல் எங்கேயும் மாட்டாது. ரெசின் இறுகச் சின்ன யூவி விளக்கு வேண்டும், வெயிலிலும் இறுகும். அதனால் சன்னல் பக்கம் குப்பியைத் திறந்து வைக்காதீர்கள்.

மூன்றே மூன்று வகை கட்டு என்றால் எதைக் கட்டுவீர்கள்?

மணி வைத்த ஃபெசன்ட் டெயில், வால்ட்ஸ் வோர்ம், செம்புக் கம்பி மட்டுமே சுற்றிய பிராசி.

வால்ட்ஸ் வோர்ம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வால்ட் யங் என்பவருடையது. முள், முயல் மயிர் டப்பிங், அவ்வளவுதான். வால் இல்லை, கால் இல்லை. மீன் கடித்துக் கடித்து மயிர் கலைந்த பிறகு முன்னைவிட நன்றாகப் பிடிக்கும். பிராசியில் உதிர எதுவுமே இல்லை. முள் துருப்பிடிக்கும் வரை உழைக்கும். ஒரே வகையை 12, 14, 16 என்று மூன்று அளவிலும், பித்தளை, டங்ஸ்டன் என்று இரண்டு எடையிலும் வைத்திருங்கள். பத்து நிறத்தில் பத்து வகை வைத்திருப்பதைவிட அது பலன் தரும்.

தண்ணீரில் எப்படி விட வேண்டும்?

அடியில், ஓட்டத்தின் வேகத்திலேயே, இழுபடாமல் வர வேண்டும். மேலோட்டம் வேகம், அடியோட்டம் மெதுவு; ஆகவே தண்ணீரில் கிடக்கும் நூல் ஃபிளையை இழுக்கும். கம்பை உயர்த்தி, முடிந்த அளவு நூலைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். மிதவை கட்டினால் ஃபிளையிலிருந்து ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் கட்டுங்கள். ஃபிளை அவ்வப்போதுகூடக் கல்லைத் தொடவில்லை என்றால் எடை போதவில்லை என்று அர்த்தம்.

நம் பக்கம் மேலோடைகளுக்குப் போனால் பல இடங்கள் பூர்வகுடிகளான செமாய் மக்களின் கிராமத்தை ஒட்டியவை. முதலில் அவர்களின் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து அனுமதி கேளுங்கள். கெலா கிடைத்தால் திரும்ப விட்டுவிடுங்கள், அது மெதுவாக வளரும் மீன். மேலே மலையில் கறுத்துக்கொண்டு வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். இங்கே மழை இல்லாமலேயே அங்கிருந்து வெள்ளம் வரும்.

ஈயக் கம்பி சுற்றி எடை கூட்டலாமா?

சுலபம்தான், ஆனால் ஈயம் விஷம். அறுந்து ஆற்றில் தங்கும் ஒவ்வொரு ஃபிளையோடும் அதுவும் தங்கும். இங்கிலாந்தில் சின்ன ஈய எடைகளை 1987இலேயே மீன்பிடிப்பில் தடை செய்தார்கள், அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததால். பிள்ளைகளும் எங்கள் மேசையில் உட்காருகிறார்கள், ஆகவே ஈயத்தை உள்ளே விடுவதில்லை. டங்ஸ்டன் மணி இருக்கும்போது தேவையும் இல்லை.

நியூசிலாந்துக்கு எடுத்துப் போனால் விமான நிலையத்தில் பிரச்சினை வருமா?

மறைத்தால் வரும். இறகு, மயிர், பயன்படுத்திய மீன்பிடிப் பொருள் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவியுங்கள். கட்டாத வான்கோழி இறகு, மயிலிறகு எதையும் பையில் போடாதீர்கள். கட்டிய ஃபிளைகளை மட்டும் சுத்தமான பெட்டியில் கொண்டுபோங்கள், கேட்டால் திறந்து காட்டுங்கள். காலணி, வலை எல்லாம் கழுவி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். 2004இல் அங்கே டிடிமோ என்கிற பாசி தென்தீவு ஆறுகளில் தெரிந்ததிலிருந்து இதில் கண்டிப்பு அதிகம். அடியில் கம்பளித்துணி ஒட்டிய காலணிக்கு ஆற்றில் தடையே இருக்கிறது. மீன்பிடி உரிமமும் வேண்டும். டவுப்போ பகுதிக்கு அது தனி.

பெட்டியில் வைத்தவை துருப்பிடிக்கின்றன. என்ன செய்ய?

ஆற்றிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து ஓர் இரவு மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். ஈர ஃபிளை ஒன்றை உள்ளே வைத்து மூடினால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து போகும். இறகுப் பைகளில் பாச்சை உருண்டை போடலாம், ஆனால் கட்டிய ஃபிளைகளோடு வேண்டாம். அந்த வாடை போகவே போகாது.

கிழிந்துபோன நிம்ஃபைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

முள்ளின் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் குத்தி நின்றால் முள் இன்னும் நல்லது. பழைய பிளேடால் தண்டின் மேல்பக்கம் நீளமாகக் கீறினால் நூல், இறகு, கம்பி எல்லாம் ஒன்றாக உரிந்து வரும். மணி அப்படியே நிற்கும், சுரண்டித் துடைத்துவிட்டு அதன் மேலேயே புதிதாகக் கட்டலாம். டங்ஸ்டன் மணி விற்கும் விலைக்கு, நாங்கள் ஒன்றையும் வீசுவதில்லை.